இரண்டு காலும் உள்ளவள்

என் வலது முழங்கால் சங்கீதக் கதிரையில்தான் போனது. இதைச் சொன்னால் இன்றைக்கும் ஆட்கள் சிரிக்கிறார்கள், வளர்ந்துவிட்ட என் மகள் உட்பட. சிரிக்கட்டும். வன்னியில் ஒருத்தி நொண்டிக்கொண்டு போனால் ஷெல்லடியோ மிதிவெடியோ என்று ஒரு மரியாதையான காரணத்தை எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் வாய்க்கவில்லை. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் பிடிக்கப் போய்க் காலைக் கெடுத்துக்கொண்டவள் நான்.

சமாதான காலம் அது. நாங்கள் தர்மபுரத்தில் இருந்தோம். நான் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன், சைக்கிளில் போய்வருவேன். அன்றைக்குப் பிள்ளைகளின் ஓட்டமெல்லாம் முடிந்து, பரிசு கொடுக்க வந்த பெரியவர்கள் கொட்டாவி விடத் தொடங்கிய நேரத்தில், ஆசிரியர்களுக்குச் சங்கீதக் கதிரை என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். கதிரைகளைச் சுற்றி ஓட வேண்டும், பாட்டு நின்றதும் இருக்க வேண்டும், இருக்கக் கிடைக்காதவர் வெளியே போக வேண்டும். ஒவ்வொருவராகக் கழிந்து, கடைசியில் ஒரு கதிரையும் நானும் கணிதம் படிப்பிக்கிற சேர் ஒருவரும் மிஞ்சினோம். அந்த மனுசன் ஓடும்போதே கதிரையின் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஓடினார். கள்ள விளையாட்டு. எனக்குப் பொறுக்கவில்லை. பாட்டு நின்றது. வலது காலை மணலில் ஊன்றி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரே திருப்பாகத் திரும்பினேன். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. முழங்காலுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஆனாலும் கதிரையில் நான்தான் இருந்தேன். பிள்ளைகள் கைதட்டி ஊளையிட்டார்கள். நானும் சிரித்துக்கொண்டு எழும்பப் பார்த்தேன், எழும்ப முடியவில்லை.

வலி உடனே வரவில்லை. கால் மரத்துப்போய்க் கிடந்தது. வீட்டுக்கு உழவு மிசினின் பெட்டியில் ஏற்றித்தான் கொண்டுவந்தார்கள். அதற்குள் முழங்கால் தேங்காயளவு வீங்கிவிட்டது.

வீட்டில் நாங்கள் நாலு பேர். என் கணவர் கூட்டுறவுக் கடையில் களஞ்சியம் பார்த்தார். அவரை 'இவர்' என்றுதான் எனக்குச் சொல்ல வரும், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். இவருடைய தமக்கை, என் மச்சாள், கலியாணம் செய்யாமல் எங்களோடு இருந்தா. நான் பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வா. பிள்ளைக்கு, என் மகளுக்கு, அப்போதுதான் ஒன்றரை வயது. நடக்கத் தெரியும், ஆனால் நடக்க மாட்டாள். எந்த நேரமும் இடுப்பில்தான் இருப்பாள். பள்ளிக்கூடத்தால் நான் வந்து சைக்கிளைச் சாத்த முன்னரே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நிற்பாள்.

முறிவு நெரிவு பார்க்கிற பரியாரியார் வந்து, எண்ணெய் பூசி, இலை வைத்துக் கட்டினார். "எலும்பு முறியேல்லை பிள்ளை, பயப்பிடாதை" என்றார். அது உண்மைதான், எலும்பு முறியவில்லை. சில கிழமைகளில் வீக்கம் வற்றியது, நடந்தேன், சைக்கிளும் ஓடினேன். ஊருக்குள் எனக்குச் 'சங்கீதக் கதிரை ரீச்சர்' என்று பெயர் விழுந்ததோடு விசயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஒரு பின்னேரம் கிணற்றடியில் பிள்ளையைக் குளிப்பாட்டி, துவாயால் சுற்றி, இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினேன். அவ்வளவுதான் செய்தேன். வழுக்கவில்லை, தடக்கவில்லை. முழங்கால் தன்பாட்டில் கழன்று ஒரு பக்கமாய்ப் போனது. நான் பிள்ளைக்கு மேலேயே விழுந்தேன். கிணற்றடிச் சீமெந்தில் அவளுடைய வாய் அடிபட்டு இரத்தம் வந்தது. மச்சாள் அடுப்பை விட்டுவிட்டுக் குசினியிலிருந்து ஓடிவந்தா. பிள்ளை வீரிட்டுக்கொண்டே என் கழுத்தை விட்டுவிட்டு அவவிடம் தாவினாள்.

"குடு இஞ்சை" என்றா மச்சாள். ஏசவில்லை. அவ ஏசியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும். ஈரச் சீமெந்தில் இருந்துகொண்டு என் முழங்காலைப் பார்த்தேன். அது ஒன்றும் தெரியாதது போல் இருந்தது.

இன்னொரு தரம் வாசற்படியில் விழுந்தேன். அப்போதும் பிள்ளை கையில்தான். அந்த முறை அவளுக்கு அடிபடவில்லை, எனக்கு முழங்கை உரசிப்போனது. பிறகு வகுப்பில் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பும்போது பிள்ளைகளுக்கு முன்னால் விழுந்தேன். அதற்குப் பிறகு என் மகளை நான் தூக்கவில்லை. ஒருவரும் தூக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, நானாகவே நிறுத்தினேன். அவள் கையைத் தூக்கிக்கொண்டு வருவாள், நான் கதிரையில் இருந்துகொண்டு மடியில் ஏறச் சொல்வேன். அவளுக்கு மடி வேண்டாம். தூக்க வேண்டும், தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அழுவாள். மச்சாள் வந்து தூக்கிக்கொண்டு கோழி காட்டப் போவா.

எனக்கு ஓட வேண்டாம், பாய வேண்டாம். சங்கீதக் கதிரை இனிச் செத்தாலும் வேண்டாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடியிலிருந்து வீட்டுக்கு வந்தால் போதும். அதற்காகத்தான் வவுனியாவுக்குப் போனேன்.

சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிக் காட்டி, வெயிலில் நடந்து, அந்தப் பக்கம் வேறு பஸ் பிடித்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. இவரும் கூட வந்தார். எலும்பு பார்க்கிற டொக்டர் என்னைப் படுக்க வைத்து, முழங்காலை மடித்து, பாதத்தின் மேல் தான் இருந்துகொண்டு, கீழ்க்காலை இரண்டு கையாலும் முன்னுக்கு இழுத்தார். அது ஒரு இழுப்பறை போல முன்னுக்கு வந்தது.

"முழங்காலுக்கு நடுவில இருக்கிற லிகமென்ட் அறுந்து போச்சு" என்றார். "அது தானா ஒட்டாது. நீங்கள் என்ன விளையாட்டு விளையாடுறனீங்கள்?"

"சங்கீதக் கதிரை."

டொக்டர் பேனையை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு மன்னிப்புக் கேட்டார். இவரும் சிரித்தார். இவர் மன்னிப்புக் கேட்கவில்லை.

டொக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, கொழும்புக்குப் போய் ஒப்பரேசன். தொடைக்குப் பின்னாலிருந்து ஒரு நாரை எடுத்து, அறுந்ததற்குப் பதிலாகப் போட்டு இறுக்குவார்கள். பிறகு ஊன்றுகோல், மாதக் கணக்கில் கவனம், பிள்ளை தூக்குகிற கதையே கூடாது. மற்றது, வெட்டாமல் பயிற்சி. தொடைத் தசையைப் பலப்படுத்தினால், அறுந்த நாரின் வேலையைத் தசை செய்யப் பழகும். அப்படியே கனபேர் நன்றாக இருக்கிறார்கள். சரிவராவிட்டால் பிறகு வெட்டலாம்.

"எது கெதியாப் பிள்ளையைத் தூக்க விடும் டொக்டர்?"

"பயிற்சியை ஒழுங்காச் செய்தால் அதுதான் கெதி. ஒழுங்காச் செய்யாட்டி ரெண்டும் ஒண்டுதான். ஒப்பரேசன் செய்தாலும் பேந்து இதே பயிற்சிதான் செய்யவேணும். அதிலயிருந்து தப்பேலாது."

வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு கதை தொடங்கியது. இவர் ஒப்பரேசன் பக்கம். "மிசினில பெல்ட் அறுந்தால் புதுசு போடுறதுதானே? அறுந்த பெல்ட்டை வைச்சுக்கொண்டு சில்லுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு இருக்கிறதே? ஒரேயடியாச் செய்து முடியும்."

"உங்கட பெல்ட்டும் நீங்களும்" என்றேன்.

மச்சாள் கத்திக்கு எதிர். "நடக்கிற காலை ஆரும் வெட்டக் குடுப்பினமோ? கொழும்பில போய்க் கிடந்தால் ஆர் பாக்கிறது உன்னை? பிள்ளையை நான் பாப்பன், அதில ஒண்டுமில்லை. ஆனா நடந்து போனவள் நடந்து வரவேணுமே." அயலில் இருந்தவர்களும் வந்து முற்றத்துக் கதிரைகளில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு என் முழங்காலைப் பற்றி முடிவெடுத்தார்கள். சித்தப்பா முறையான ஒருவர், எந்தக் காலையும் ஒரு வருசம் தொங்கப் போட்டால் சரிவரும் என்றார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு யாருடையதோ காலைப் பற்றிக் கதைப்பது போலத்தான் கேட்டது. கோபம் வந்திருக்க வேண்டும், பயமாவது வந்திருக்க வேண்டும். இரண்டும் வரவில்லை. மச்சாளின் தோளில் நித்திரையாகிப் போயிருந்த பிள்ளையின் உள்ளங்காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயிற்சி என்று முடிவெடுத்தேன். காரணம் ஒன்றுதான், பிள்ளையைச் சீக்கிரம் தூக்கலாம், அதுதான் கெதி என்று டொக்டர் சொன்னார்.

பயிற்சி சொல்லித் தருகிற இடம் கிளிநொச்சியில் இருந்தது. காலிழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் செய்து, அதைப் போட்டு நடக்கப் பழக்குகிற இடம். அங்கே ஒரு அறையில் பயிற்சி கொடுக்கிற அக்கா ஒருவர் இருந்தா. வேறு இடம் எங்களுக்கு இல்லை. கிழமையில் ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் லீவு போட்டுப் போனேன். வெளியே விறாந்தையில் கதிரைகள் வரிசையாகப் போட்டிருக்கும். நம்பர் துண்டெல்லாம் இல்லை. வந்தவர் கடைசிக் கதிரையில் இருப்பார், முன்னால் ஒருவர் உள்ளே போனால் எல்லோரும் ஒரு கதிரை தள்ளி இருப்பார்கள்.

முதல் நாள் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் மரியாதையாகக் கேட்டார்: "மேலயோ, கீழயோ?"

எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. முழங்காலுக்கு மேலே போனதா, கீழே போனதா என்று கேட்கிறார். அங்கே எல்லோரும் ஒருவரையொருவர் கேட்கிற முதல் கேள்வி அதுதான், வேறிடங்களில் எந்த ஊர் என்று கேட்பது போல. என் சேலைக் கரைக்குக் கீழே இரண்டு பாதமும் செருப்போடு தெரிந்தன. அவர் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன்.

"உள்ளுக்க" என்றேன்.

"ஆ, உள்ளுக்க" என்றார். "ஷெல் துண்டோ?"

இல்லை, விழுந்தது என்று சொன்னேன். எப்படி விழுந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு எங்கே முகத்தை வைப்பது என்று தெரிந்திராது. விறாந்தை முழுக்க ஆட்கள். ஒரு காலில்லாதவர்கள், இரண்டும் இல்லாதவர்கள், தோளுக்கடியில் தடியை இடுக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறி இறங்கி வந்தவர்கள். அவர்களுக்கு நடுவில் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு, விளையாட்டில் விழுந்தவள் ஒருத்தி. நான் முதல் கதிரைக்கு வந்ததும் பின்னாலிருந்தவரைப் பார்த்து, "நீங்கள் முதல் போங்கோ, எனக்கு அவசரமில்லை" என்றேன். அவர் போனார். அடுத்தவரையும் போகச் சொன்னேன்.

அப்படியே அது பழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு கிழமையும் போவேன், முதல் கதிரை வரைக்கும் வருவேன், எழும்பிக் கடைசிக்குப் போவேன். சிலர் வேண்டாம் என்பார்கள், நான் விடமாட்டேன். அக்கா மத்தியானத்தோடு வீடுகளுக்குப் போய்ப் பார்க்கக் கிளம்பிவிடுவா. கடைசியில் என்னைக் கதவடியில் நிற்க வைத்தே காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "போன கிழமை சொன்னதையே செய்யுங்கோ ரீச்சர்" என்பா. போன கிழமை அவ எனக்கு ஒன்றும் சொல்லியிருக்க மாட்டா. நான் "ஓம்" என்பேன். பஸ்ஸுக்கு நடக்கும்போது ஒரு நிம்மதி வரும். இன்றைக்கும் ஒருவருடைய நேரத்தையும் பறிக்கவில்லை என்ற நிம்மதி. பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் அப்போது அது நல்ல பழக்கம் என்றுதான் எனக்குத் தோன்றியது. வீட்டிலும் அப்படித்தான் வளர்த்தார்கள். இருக்கிறவள் இல்லாதவருக்கு எழும்பிக் கொடுக்க வேண்டும். பஸ்ஸிலும் அதுதான், பந்தியிலும் அதுதான்.

வீட்டில் பயிற்சி எப்படிப் போகுது என்று கேட்பார்கள். போகுது என்பேன். கால் தேறவில்லை. வலது தொடை இடது தொடையை விட மெலிந்துபோனது, பாவாடை கட்டும்போதே தெரிந்தது. பிள்ளைக்கு இரண்டு வயதாகியது, கதைக்கத் தொடங்கினாள். அவள் என்னை நோக்கி வரும்போதெல்லாம் மச்சாள் கவனமாகச் சொல்வா: "அம்மாவை இழுக்காதை குஞ்சு, அம்மா விழுவா." நல்லதுக்குத்தான் சொன்னா. பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டாள். விருந்தாட்கள் வந்தால் என்னைக் காட்டி, "அம்மா விழுவா" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவள் சேர்த்துச் சொன்ன முதல் வசனங்களில் அதுவும் ஒன்று. நானும் சிரித்தேன். எனக்கு எங்கேயும் குத்தவில்லை, குத்துகிற இடம் மரத்துவிட்டது.

விறாந்தைக்கு நெடுங்கேணிப் பக்கத்திலிருந்து ஒரு பெட்டை வருவாள். விறகுக்குப் போய் மிதிவெடியில் இடது கால் போனவள், முழங்காலுக்குக் கீழே. இருபது வயதிருக்கும். என் கதையை எப்படியோ அறிந்துவிட்டாள். "ரீச்சர், இஞ்சையும் சங்கீதக் கதிரைதான், ஆனா பாட்டில்லை" என்று பகிடி விடுவாள். அதுவரைக்கும் மற்றவர்களைப் போல அவளும் ஆட்சேபனை சொல்லாமல் என்னை முந்திப் போவாள். ஒரு நாள் மழை. ஆட்கள் குறைவு. முதல் கதிரைக்கு வந்து, வழமை போல எழும்பி, "தங்கச்சி, நீர் போம்" என்றேன்.

அவள் எழும்பவில்லை. "ஏன்?" என்றாள்.

"எனக்கு அவசரமில்லை."

"அவசரமில்லாட்டி ஏன் வாறியள்? பஸ்ஸில என்னத்துக்கு இவ்வளவு தூரம்? விறாந்தை பாக்கவோ?" சத்தமாகவே கேட்டாள். மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ரீச்சர், நீங்கள் எழும்பிக் குடுக்கிற ஒவ்வொரு முறையும் எனக்குக் காலில்லை எண்டு எல்லாருக்கும் ஞாபகப்படுத்துறியள். எனக்கு அது தெரியும். உங்கட ரெண்டு காலையும் பாத்து எங்களுக்கு ஒரு எரிச்சலும் இல்லை. உண்மையாச் சொன்னால் உங்களைப் பாக்கவே எங்களுக்கு நேரமில்லை. போங்கோ உள்ளுக்க."

என் வாழ்க்கையில் அப்படி வாங்கிக் கட்டியதில்லை. நான் ரீச்சர், அவள் என் மாணவி வயது. பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அக்கா அன்றைக்குத்தான் என்னை முதன்முதலாகக் கட்டிலில் படுக்க வைத்துப் பார்த்தா. தொடையைப் பிடித்தா, மற்றத் தொடையைப் பிடித்தா. அவவின் முகம் கறுத்துப்போனது.

"ரீச்சர், எவ்வளவு காலமா வாறியள்?"

சொன்னேன்.

"இவ்வளவு காலமும் என்ன செய்தனீங்கள்?"

ஒன்றும் செய்யவில்லை என்றேன். அதற்கு மேல் விளக்கமாகச் சொல்ல எனக்கு வெட்கமாயிருந்தது. அவ கட்டில் விளிம்பில் இருந்தா. "ஒப்பரேசனுக்குப் போறதெண்டால் இப்பவே போங்கோ, நான் கடிதம் தாறன். ஆனா இந்தத் தொடையோட போனால் வெட்டியும் பிரியோசனம் இல்லை. இல்லையெண்டால் இண்டைக்குத் தொடங்குங்கோ. தொடங்கினால் ஒரு நாள் விடேலாது. இனி இந்தக் கதவுக்கு வெளியில ஆருக்கும் எழும்பிக் குடுத்தால் நான் உங்களைப் பாக்க மாட்டன்."

இரண்டாம் தரமும் அதே இடத்தில் வந்து நின்றேன். வெட்டுவதா, விடுவதா. இம்முறை முற்றத்தில் கூட்டம் வைக்கவில்லை. இவரிடமும் கேட்கவில்லை. அன்றைக்கே தொடங்கினேன்.

துணிப் பையில் மணலை நிரப்பிக் கணுக்காலில் கட்டி, கதிரையில் இருந்து தூக்கி இறக்கினேன். சுவரில் முதுகைச் சாய்த்து, கதிரை இல்லாமலே கதிரையில் இருப்பது போல இருந்தேன், தொடை நடுங்கும் வரைக்கும். தேங்காய் துருவ முன்னரும் துருவிய பிறகும், உலை கொதிக்கும் மட்டும் ஒற்றைக் காலில் நின்றேன். வகுப்பிலும் பிள்ளைகள் கணக்குச் செய்கிற நேரத்தில் ஒற்றைக் காலில் நிற்பேன். கொஞ்ச நாளில் ஐந்தாம் வகுப்பு முழுக்க ஒற்றைக் காலில் நின்று கணக்குச் செய்தது. அதிபர் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேளாமல் போனார். என்னோடு கதிரைக்கு ஓடிய அந்தக் கணித சேர் மட்டும், "ரீச்சர், அடுத்த வருசமும் கதிரையை விடமாட்டியள் போல" என்றார். "உங்களுக்கு விடுவனோ?" என்றேன். உற்சாகமெல்லாம் இல்லை. பல்லுத் தீட்டுவது போல, சொல்லிவைத்த வேலையைச் செய்தேன். வலித்தது, செய்தேன். வலிக்காத நாளும் செய்தேன். கிழமைக்குக் கிழமை விறாந்தையில் என் முறை வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன்.

நெடுங்கேணிப் பெட்டைக்குக் கால் பொருந்தி, தடியை விட்டுவிட்டு நடந்து போனாள். அதன் பிறகு வரவில்லை. அவள் இப்போது எங்கே என்று எனக்குத் தெரியாது.

ஒரு வருசத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடித்தது. பிறகு ஒரு நாள் அக்கா நிலத்தில் வெண்கட்டியால் கோடு போட்டு, வலது காலால் மட்டும் கெந்திக் கெந்திப் போகச் சொன்னா. போனேன். திரும்பிப் பக்கவாட்டில் வரச் சொன்னா. வந்தேன். முழங்கால் இருந்த இடத்தில் இருந்தது. அவ என் முதுகில் தட்டி, "போங்கோ, போய்ப் பிள்ளையைத் தூக்குங்கோ" என்றா. கொஞ்ச நாளில் சண்டை திரும்பத் தொடங்கி வவுனியாப் பாதையும் பூட்டுப்பட்டது. ஒப்பரேசன் என்கிற கதை எங்கள் வீட்டில் பிறகு எழவில்லை.

அன்றைக்குப் பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு நடந்துதான் வந்தேன், ஆனால் ஓடத்தான் மனம் சொன்னது. கன காலத்துக்குப் பிறகு சந்தோசமாக இருந்தது. சொல்லவே வேண்டும், நல்ல சந்தோசமாக இருந்தது. மகள் முற்றத்தில் மணல் அள்ளி விளையாடிக்கொண்டிருந்தாள். குனிந்து இரண்டு கையையும் நீட்டினேன்.

"வாங்கோ செல்லம், அம்மா தூக்கிறன்."

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள். எழும்பி, மணல் கையோடு, குசினி வாசலில் நின்ற மச்சாளிடம் போய் அவவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா விழுவா" என்றாள்.

"இல்லையடி, அம்மாக்குச் சுகம் வந்திட்டுது. போ, போ" என்று மச்சாள் தள்ளிவிட்டா. பிள்ளை போகவில்லை. நான் போய்த் தூக்கினேன். இடுப்பில் ஒட்டவில்லை. பலகை போல விறைத்துக்கொண்டு, கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். இறக்கிவிட்டேன். பழகும், சின்னப் பிள்ளைதானே என்று இவர் சொன்னார். மச்சாள் அழுதா. "நான்தான் சொல்லிச் சொல்லிப் பழக்கிப்போட்டன்" என்றா. அவவைத் தேற்ற வேண்டிய வேலையும் எனக்கு வந்தது.

பழகவில்லை. என்னோடு சாப்பிடுவாள், என்னோடு படுப்பாள், பள்ளிக்கூடத்துக்கு என் சைக்கிளின் பின்னால் இருந்து வருவாள். தூக்க மட்டும் விடமாட்டாள். நித்திரையாக இருக்கும்போது தூக்கினால் கண் விழித்து, நான்தான் என்று கண்டவுடன் இறக்கச் சொல்வாள். பயந்தும் இல்லை, கோபித்தும் இல்லை. அடுப்பைத் தொடக்கூடாது, கிணற்றை எட்டிப் பார்க்கக்கூடாது என்பது போல, அம்மாவில் ஏறக்கூடாது என்று படித்துவைத்திருந்தாள். நானும் கேட்பதை விட்டேன். வேலை செய்கிற முழங்கால் ஒன்றை வைத்துக்கொண்டு அரிசி மூட்டை தூக்கினேன், தண்ணீர் தூக்கினேன், பங்கர் வெட்டிய மண்ணைத் தூக்கினேன்.

பிறகு தர்மபுரத்தையும் விட்டுக் கிழக்கே போக வேண்டி வந்தது. அது தை மாதம், மாரி வெள்ளம் வயல்களில் வற்றாமல் நின்றது. இவர் சாமான்களோடு உழவு மிசினில் முன்னரே ரோட்டால் போய்விட்டார். ரோட்டில் ஷெல் விழத் தொடங்கியதால் நானும் மச்சாளும் பிள்ளையும் சனத்தோடு சேர்ந்து வயலுக்குள் இறங்கினோம். ஒரு இடத்தில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு ஓடியது, எனக்கு இடுப்புக்கு மேல் தண்ணீர். தாய்மார் எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினார்கள். என் மகளுக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. மச்சாளைப் பார்த்துக் கையைத் தூக்கினாள்.

மச்சாளுக்கு மூச்சு வாங்கியது. அவவால் தன்னையே தூக்க முடியாது. "எனக்கு ஏலாது குஞ்சு. அம்மாவிட்டப் போ" என்றா.

பிள்ளை என்னைப் பார்த்தாள். "நான் நடக்கிறன்" என்று சொல்லிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். இரண்டு எட்டு வைக்க முன்னம் நாடி வரைக்கும் தண்ணீர் வந்தது. நான் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. பையை மச்சாளிடம் எறிந்துவிட்டு, அவளை அள்ளித் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு நடந்தேன். ஒன்றரை வயதுக்குப் பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு நடந்ததேயில்லை, எவ்வளவு பாரமாகிவிட்டாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் என் கழுத்தைக் கட்டிப் பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் தன் முகத்தைப் பொத்திக்கொண்டாள். விழப்போகிறவள் தன்னைக் காப்பாற்றுகிற மாதிரி, அக்கரை வரைக்கும் அப்படியே பொத்திக்கொண்டிருந்தாள். அடியில் சேறு இழுத்தது. கால் ஒரு இடத்திலும் மடங்கவில்லை.

கரையில் இறக்கினேன். கையை எடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அம்மா, நோகுதோ?"

"இல்லை செல்லம். அம்மாவின்ர கால் நல்லா இருக்கு."

அவள் நம்பவில்லை. சேறு பூசிய தன் கையை நீட்டி என் கையைப் பிடித்தாள். வரம்பில் கால் வைக்கிற இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு, நான் விழாதபடி, எனக்கு முன்னால் மெல்ல மெல்ல நடந்தாள்.